துன்பத்தைக் குறிக்கும் சொற்கள்: இசுலாமியத் தமிழும் கிழக்கேகோட்டை வட்டாரமும்

1. முன்னுரை

ஒரு சமயம் புதியதொரு மொழிக்குள் புகும்போது, இறைவன், தூதர், வேதம் முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் எவ்வாறு அமைந்தன என்பதையே ஆய்வாளர் முதற்கண் நோக்குவர். ஆயினும் அச்சமயத்தாரின் அன்றாட வாழ்வில் மிகுதியாகப் புழங்குவன நோய், இழப்பு, வறுமை, இறப்பு ஆகியவற்றின்போது சொல்லப்படும் சொற்களேயாம். 'ஏன் எனக்கு இது நேர்ந்தது?' என்ற வினாவுக்குச் சமயம் தரும் விடை அச்சொற்களில்தான் அடங்கியுள்ளது. சொல் மாறினால் விடையும் மாறும். துன்புறுவோரைக் குற்றவாளியாகக் காண்பதா, தேர்வுக்கு உட்பட்டவராகக் காண்பதா என்பதைப் பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளரின் சொல்தேர்வே முடிவு செய்துவிடுகிறது.

இசுலாமியத் தமிழில் துன்பத்தைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றையும், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வட்டாரத்தில் அச்சொற்களுக்கு நேரும் பொருள் வேறுபாடுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இடமும் மொழிச் சூழலும்

கிழக்கேகோட்டை என்பது பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிலையும் அதனை அடுத்த பகுதியையும் குறிக்கும் பெயராகும். திருவிதாங்கூர் அரசின் தலைநகர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. அக்காலத்தில் திவானாக இருந்த இராஜா கேசவதாசரின் முயற்சியால் கோட்டைக்குக் கிழக்கே சாலைக் கடைவீதி உருவாயிற்று. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சரக்குகளோடு வந்த தமிழ் வணிகர் பலர் இங்கு நிலைத்தனர். தமிழ் பேசும் முசுலிம் வணிகரும் அவருள் அடங்குவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணையும் வரை அரசியல் அடிப்படையில் இந்நகரோடு ஒன்றியே இருந்தது. பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலையில் அடங்கியுள்ள ஞானி பீர்முகம்மது அப்பாவின் பாடல்களும், தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரானின் (1944-2019) புதினங்களும் இந்நிலப்பரப்பின் இசுலாமியத் தமிழுக்கு இரு வேறு காலச் சான்றுகளாம். மீரானின் உரைநடையில் தமிழும் மலையாளமும் அரபுக் கடன்சொற்களும் இயல்பாக இணைந்து வருவதை வாசகர் அறிவர். அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது.

கிழக்கேகோட்டைக்குத் தென்மேற்கே, கடற்கரையில், பீமாப்பள்ளி அமைந்துள்ளது. பீமா பீவி என்னும் அம்மையாரும் அவர்தம் மகன் மாகீன் அபூபக்கரும் இங்கு அடங்கியுள்ளனர் என்பது மரபு. மகன் உயிர்த்தியாகி என்று போற்றப்படுகிறார். மகனை இழந்த தாயின் பெயராலேயே இடம் வழங்குகிறது. ஆண்டுதோறும் சந்தனக்குடம் என்னும் உரூசு விழா இங்கு நடைபெறும். நோயுற்றோரும் மனநலம் குன்றியோரும் அவர்தம் உறவினரும் சமய வேறுபாடின்றி இங்கு வருவர். இவர்களுள் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கி மாறிச் செல்லும் தமிழரும் உளர். துன்பம் பற்றிய சொற்கள் இரு மொழிகளிலும் ஒருங்கே ஒலிக்கும் வழித்தடம் இது.

3. தமிழில் முன்னரே இருந்த விளக்கம்

இசுலாம் தமிழகம் வந்தபோது துன்பத்திற்குத் தமிழில் விளக்கம் இல்லாமல் இல்லை. திருக்குறள் ஊழுக்கு 38-ஆம் அதிகாரத்தையும், துன்பத்தில் தளராமைக்கு 63-ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கியுள்ளது. சமணமும் பௌத்தமும் சைவமும் வைணவமும் தத்தம் முறையில் வினைக்கொள்கையை வளர்த்தன. 'வினை', 'விதி', 'ஊழ்', 'தலையெழுத்து' ஆகிய சொற்கள் நூல்வழக்கிலிருந்து பேச்சுவழக்கிற்கும் பரவின. இவற்றுள் 'வினை' என்பது முற்பிறப்புச் செயலையும் அதன் பயனையும் ஒருங்கே உணர்த்தவல்லது.

இசுலாமில் மறுபிறப்புக் கொள்கை இல்லை. ஆகவே இப்பிறப்பில் ஒருவர் அடையும் துன்பத்தை முற்பிறப்போடு தொடர்புபடுத்த இயலாது. பிறர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பதும் திருக்குர்ஆனின் (6:164) தெளிவான நிலைப்பாடு. எனினும் செயலுக்கும் துன்பத்திற்கும் தொடர்பே இல்லையென்றும் அது கூறவில்லை. மனிதரைத் தாக்கும் துன்பம் அவர்தம் கைகள் ஈட்டியதன் விளைவு என்றும், அவற்றுள் பலவற்றை இறைவன் மன்னித்துவிடுகிறான் என்றும் ஓரிடத்தில் (42:30) வருகிறது. இங்கு 'வினைப்பயன்' என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் மனத்தில் மறுபிறப்புக் கொள்கை முழுவதும் வந்து சேரும். 'செயல்' என்று பெயர்த்தால் அது தவிர்க்கப்படும். ஒரே சொல்லை ஏற்பதாலும் விலக்குவதாலும் ஒரு தத்துவமே உள்ளே வரவும் வெளியே நிற்கவும் கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

செல்வத்தையும் வறுமையையும் பற்றிய ஒரு பகுதி (89:15-17) இங்கு நோக்கத்தக்கது. வளம் தரப்பட்டால் இறைவன் தன்னை மதித்தான் என்றும், வளம் குறைக்கப்பட்டால் தன்னை இழிவுபடுத்தினான் என்றும் மனிதன் எண்ணுகிறான். இரு எண்ணங்களும் அங்கு மறுக்கப்படுகின்றன. அதனைத் தொடர்ந்து, அநாதையை மதிக்காமையே குறையாகச் சுட்டப்படுகிறது. துன்பம் இறைவனின் வெறுப்புக்கு அடையாளமன்று. பிறர் துன்பத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் முறையே அவரை அளக்கும் கோல் என்பது இதனால் பெறப்படும் கருத்து.

4. கடன்சொற்களும் பொருள் சுருக்கமும்

இசுலாமியத் தமிழ் இருவழிகளைக் கையாண்டது. ஒன்று, அரபுச் சொல்லையே தமிழ் ஒலியமைப்பிற்கு ஏற்ப ஏற்றுக்கொள்வது. மற்றொன்று, தமிழில் வழங்கும் சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது. முதல்வழியில் வந்தவை முசீபத்து, பலாய், பித்னா, சபுறு, நசீபு முதலியன.

இவற்றின் ஒலிமாற்றம் ஒழுங்கானது. 'ஸப்ர்' என்பதன் இறுதி மெய்ம்மயக்கம் தமிழுக்கு இயலாதாகையால் இடையிலும் இறுதியிலும் உகரம் பெற்றுச் 'சபுறு' ஆயிற்று. 'கப்ர்' என்பது 'கபுறு' ஆனதும் இவ்வாறே. அரபு ரகரத்தை றகரத்தால் எழுதும் மரபு 'சீறா' என்ற நூற்பெயரிலும் உள்ளது. 'முஸீபா' என்பது 'முசீபத்து' ஆனது, உமறுப்புலவரின் சீறாப்புராணக் காண்டப் பெயர்களான விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்பவற்றோடு ஒத்த அமைப்புடையது.

பொருள் மாற்றமே நுட்பமானது. 'முஸீபா' என்பதன் வேர் குறியில் தைத்தலைக் குறிப்பது. எய்த அம்பு இலக்கை அடைவது போல் வந்து சேர்வது என்னும் படிமம் அதனுள் உள்ளது. தமிழில் 'முசீபத்து' என்போர் அப்படிமத்தை உணர்வதில்லை. அது பேரிடர் என்ற பொதுப்பொருளில் நிற்கிறது. 'பலாஉ' என்பதன் வேர்ப்பொருள் சோதித்தறிதல் என்பதாம். நன்மையாலும் தீமையாலும் மனிதர் சோதிக்கப்படுகின்றனர் என்று திருக்குர்ஆன் (21:35) கூறுவதால், அரபியில் இவ்வேர் செல்வத்தையும் நலத்தையும்கூடத் தழுவும். தமிழில் 'பலாய்' தீமையை மட்டுமே குறிக்கிறது. 'பலாய் முசீபத்து' என்று இரண்டையும் இணைத்து இணைமொழியாக வழங்கும்போது இருசொற்களின் தனிப்பொருளும் மறைந்து, விலக வேண்டிய கேடு என்ற ஒரு பொருளே எஞ்சுகிறது. வளமும் ஒரு சோதனையே என்ற கருத்து இக்கடன்சொல்லில் இழக்கப்பட்டது.

'நசீபு' என்பதன் அரபுப் பொருள் பங்கு, கூறு என்பது. தமிழில் இது விதி என்னும் பொருளில் வழங்குகிறது. ஆயினும் 'ஊழ்' போல முற்செயலின் தொடர்ச்சியை அது உணர்த்துவதில்லை. அளந்து தரப்பட்டது என்ற குறிப்பையே தாங்கி நிற்கிறது.

5. 'சோதனை' என்னும் சொல்

அரபியில் சோதனையைக் குறிக்கும் மற்றொரு சொல் 'ஃபித்னா'. இதன் வேர்ப்பொருள், பொன்னைத் தீயிலிட்டு உருக்கி மாசு நீக்கி அதன் தரத்தை அறிதல் என்று அரபு அகராதியாளர் விளக்குவர். நம்பினோம் என்று சொல்வதனாலேயே சோதிக்கப்படாமல் விடப்படுவோம் என மக்கள் எண்ணுகின்றனரா என வினவும் இடத்தில் (29:2) இவ்வேரே வந்துள்ளது.

தமிழில் இக்கருத்தைத் தாங்குவது 'சோதனை'. இது 'சோதனா' என்னும் வடசொல்லின் வழிவந்தது. வடமொழியில் அதன் முதற்பொருள் தூய்மை செய்தல், மாசு நீக்குதல், உலோகத்தைப் புடமிடல் என்பது. அதன்பின்னரே ஆராய்தல், தேர்தல் என்ற பொருள்கள் விரிந்தன. ஆக, வேறுவேறு மொழிக்குடும்பங்களைச் சார்ந்த 'ஃபித்னா', 'சோதனா' என்னும் இரு சொற்களும் உலோகத் தொழிலிலிருந்தே சமயப்பொருளுக்கு வந்துள்ளன. மொழிபெயர்ப்பாளர் இத்தொடர்பை அறிந்து தேர்ந்தனரோ இல்லையோ, பொருத்தம் வியக்கத்தக்கது. சுடச்சுட ஒளிவிடும் பொன்னின் உவமையைத் தவம் என்னும் 27-ஆம் அதிகாரத்தில் குறள் கையாண்டிருப்பதால், தமிழ் வாசகருக்கு இப்படிமம் புதியதுமன்று.

இதனால் ஒரு பகிர்வு நேர்ந்தது. கடன்சொல்லாகிய 'பித்னா' தமிழ் முசுலிம்களிடையே குழப்பம், கலகம், கோள் என்னும் பொருளில் நிலைத்தது. அரபியிலும் அப்பொருள் உண்டு. தனிமனிதர் படும் சோதனை என்ற பொருளோ 'சோதனை'க்குச் சென்றது. அரபியில் ஒரு சொல் தாங்கிய இரு பொருள்களைத் தமிழ் இரு சொற்களுக்குப் பிரித்தளித்துள்ளது.

கிறித்தவத் தமிழும் 'சோதனை'யை ஏற்றுள்ளது. ஆனால் அங்கு அது தீமையின்பால் ஈர்க்கப்படும் நிலையையும் குறிக்கும். மேலும் கிறித்தவத் தமிழில் 'பாடு' என்ற சொல் மீட்பளிக்கும் துன்பம் என்ற சிறப்புப்பொருள் பெற்றது. இசுலாமில் ஒருவர் துன்பம் பிறரை மீட்பதில்லையாகையால், இசுலாமியத் தமிழில் 'பாடு' அச்சிறப்புப்பொருளைப் பெறவில்லை.

6. பொறுமையும் க்ஷமையும்

துன்பத்திற்கு மனிதர் தரவேண்டிய மறுமொழியாகத் திருக்குர்ஆன் கூறுவது 'ஸப்ர்'. அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு, விளைச்சலிழப்பு ஆகியவற்றால் மக்கள் சோதிக்கப்படுவர் என்றும், ஸப்ர் உடையோருக்கு நற்செய்தி உண்டு என்றும் அது உரைக்கிறது (2:155). அரபியில் இதன் வேர்ப்பொருள் கட்டுப்படுத்தல், தடுத்து நிறுத்தல் என்பது.

தமிழில் இதற்கு நேராக வழங்கும் 'பொறுமை', 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. 'பொறை' என்பது சுமை. எனவே பொறுமை என்பது சுமையைத் தாங்குதல். அரபி மனத்தை அடக்குவதையும் தமிழ் பாரத்தைத் தாங்குவதையும் முதன்மைப்படுத்துகின்றன. எவரையும் அவர் ஆற்றலுக்கு மேல் இறைவன் சுமத்துவதில்லை என்ற கூற்று (2:286) தமிழில் 'பொறுமை'யோடு எளிதில் இயைவதற்கு இச்சுமைப் படிமமே காரணம் எனலாம். 'பொறு' என்பதற்கு மன்னித்தல் என்ற பொருளும் உண்டு; குறளின் பொறையுடைமை அதிகாரம் (16) அப்பொருளிலேயே பெரிதும் இயங்குகிறது. ஆகவே நோயுற்றவரிடம் 'பொறுமை' என்றும், தீங்கிழைக்கப்பட்டவரிடம் 'பொறுமை' என்றும் கூறும்போது தமிழில் பொருள் வேறுபடும். பின்னதில், நீதி கோரும் உரிமையைக் கைவிடுமாறு கேட்பதாகவும் அது கொள்ளப்படலாம். 'ஸப்ர்' என்பதில் அக்கட்டாயம் இல்லை.

மலையாளத்தில் இச்சிக்கல் வேறு உருக்கொள்கிறது. அங்கு ஸப்ருக்கு நேராக 'க்ஷம' வழங்குகிறது. அதே வடசொல் தமிழில் 'க்ஷமிக்க' என்ற வடிவில் மன்னிப்பையே குறித்தது. சாலைக் கடைவீதியில் மலையாளி 'க்ஷமிக்கணும்' என்று கூறுவது, சூழலுக்கேற்பச் சற்றுக் காத்திருங்கள் என்றோ மன்னியுங்கள் என்றோ பொருள்படும். சமயப்பனுவலை இம்மொழியிலிருந்து அம்மொழிக்கு மாற்றுவோர் இவ்வேறுபாட்டை நோக்காது விட்டால் பொறுமை மன்னிப்பாகிவிடும்.

இதனினும் இடர் தருவது 'சோதனை'. மலையாளத்தில் 'சோதன' இன்று பெரும்பாலும் மலங்கழித்தலைக் குறிக்கிறது. தூய்மை செய்தல் என்ற வடமொழிப் பொருளின் மற்றொரு கிளை இது. சமயச் சோதனைக்கு அங்குப் 'பரீக்ஷணம்' வழங்கும். தமிழிலோ 'பரீட்சை' பள்ளித் தேர்வு. திருவனந்தபுரத்தில் 1981-இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து தமிழர் வருகின்றனர். மருத்துவர் 'சோதன'யைப் பற்றி வினவினால் தமிழ் நோயாளி ஆய்வுக்கூடச் சோதனையை எண்ணக்கூடும். 'விஷமம்' என்று மலையாளி கூறுவது மனவருத்தம். தமிழில் அது குறும்பு அல்லது தீச்செயல். துயருற்றவரிடம் ஆறுதலாகக் கூறும் சொல்லே பழியாகக் கேட்கும் நிலை இதனால் ஏற்படலாம்.

7. முறையீடும் பொறுமையும்

பொறுமை என்பது அழாதிருத்தலா என்ற வினா இங்கு எழுகிறது. யாகூபு நபியின் வரலாறு இதற்கு விடை தருகிறது. மகனை இழந்தபோது அவர் அழகிய பொறுமையை மேற்கொள்வதாகக் கூறுகிறார் (12:18). அவரே அழுது கண்பார்வை இழக்கிறார் (12:84). தம் துயரத்தை இறைவனிடம் மட்டுமே முறையிடுவதாகவும் உரைக்கிறார் (12:86). அய்யூபு நபியும் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் எடுத்துச் சொன்னவரே (21:83). அவரே பொறுமையாளர் எனப் பாராட்டப்படுகிறார் (38:44). தம் மகன் இப்ராகீம் இறந்தபோது நபிகள் நாயகம் கண்ணீர் விட்டதை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. கதீஜா அம்மையாரும் அபூதாலிபும் மறைந்த கி.பி. 619-ஆம் ஆண்டளவை இசுலாமிய வரலாறு 'துயர ஆண்டு' என்றே பெயரிட்டு நினைவுகூர்கிறது. ஆகவே ஸப்ர் முறையீட்டை விலக்குவதில்லை.

இசுலாமியத் தமிழ் இம்முறையீட்டிற்கென 'முனாஜாத்து' என்னும் இலக்கிய வகையையே வளர்த்தது. இறைவனோடு தனித்து உரையாடுதல் என்பது அரபுச் சொல்லின் பொருள். நோய் தீரவும், மழை பெய்யவும், இடர் நீங்கவும் வேண்டிப் பாடப்பெற்ற முனாஜாத்துகள் பல.

திருவிதாங்கூர்ப் பகுதியில் இக்கருத்திற்கு ஓர் ஆட்சிமொழி இணையும் உண்டு. மலையாளத்தில் 'சங்கடம்' என்பது துயரத்தையும் குறைமுறையீட்டையும் ஒருங்கே குறிக்கும். அதிகாரத்தாரிடம் அளிக்கும் விண்ணப்பம் 'சங்கட ஹர்ஜி' எனப்பட்டது. தமிழில் 'சங்கடம்' தருமாற்றம், இக்கட்டு என்ற அளவில் நின்றுவிட்டது. துயரம் உடையவர் அதனைக் கேட்பவரிடம் சொல்லும் உரிமையும் உடையவர் என்ற கருத்தை மலையாளச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது. யாகூபு நபியின் கூற்றை மலையாளத்தில் பெயர்ப்போருக்கு இச்சொல் பெருந்துணை. தமிழில் 'முறையீடு' என்று வேறொரு சொல்லைத் தேடவேண்டும்.

யாரிடம் முறையிடுவது என்பதிலேயே இவ்வட்டார முசுலிம்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அடக்கத்தலங்களில் இறைநேசரின் பரிந்துரையை வேண்டுவது ஒரு மரபு. முறையீடு இறைவனுக்கே உரியது என வலியுறுத்துவது சீர்திருத்த நோக்கு; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் அதன் முதன்மைக் குரலாக விளங்கியவர் வக்கம் அப்துல் காதிறு மௌலவி (1873-1932). அவர் 1905-இல் தொடங்கிய 'சுவதேசாபிமானி' இதழின் அச்சகம் 1910-இல் அரசால் பறிமுதல் செய்யப்பட்டது. சீர்திருத்தத்தார் அறியாமையும் வறுமையும் கல்வியால் நீக்கத்தக்கவை என்றனர். பொறுமை என்பது மாற்றக்கூடிய கேட்டைச் சகித்துக்கொண்டிருத்தலன்று என்னும் விளக்கம் இதனால் வலுப்பெற்றது. இரு சாராரும் துன்பத்தைத் தண்டனை என்று மட்டும் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

8. இடரோடு எளிமை: ஓர் இலக்கணச் சிக்கல்

திருக்குர்ஆனின் 94-ஆம் அத்தியாயத்தில் (94:5-6) இடரோடு எளிமை உண்டு என்ற கருத்து இருமுறை அடுத்தடுத்து வருகிறது. அரபியில் இடரைக் குறிக்கும் 'உஸ்ர்' இரு முறையும் சுட்டிடைச்சொல் பெற்றும், எளிமையைக் குறிக்கும் 'யுஸ்ர்' இரு முறையும் அதனைப் பெறாமலும் வந்துள்ளன. சுட்டுப்பெற்ற பெயர் மீண்டும் வரின் ஒன்றையே குறிக்கும். பெறாதது மீண்டும் வரின் வேறொன்றைக் குறிக்கும் என்ற இலக்கண அடிப்படையில், இடர் ஒன்று, எளிமை இரண்டு என உரையாசிரியர் பொருள் கண்டனர்.

தமிழில் இத்தகைய சுட்டிடைச்சொல் இல்லை. 'அந்த', 'ஒரு' ஆகியவற்றைச் சேர்த்து இவ்வேறுபாட்டை ஓரளவே காட்டலாம். இரண்டாவது சிக்கல் 'மஅ' என்னும் இடைச்சொல். அதன் பொருள் 'உடன்' என்பது. 'பின்' என்று பெயர்த்தால் காலத்தால் பின்வரும் ஆறுதலாகிவிடும். மூலமோ இடருக்குள்ளேயே எளிமை உடனிருப்பதைக் கூறுகிறது. மூன்றாவது, சொல்லிணை. 'துன்பம்-இன்பம்' என்ற பழகிய இணையை இடுவது செவிக்கு இனிதாயினும், 'யுஸ்ர்' இன்பமன்று, பாரம் குறைதல். 'எளிமை' வேர்ப்பொருளால் நெருங்குகிறது; ஆனால் தமிழில் அது வறுமையையும் குறிக்கும். 'இலேசு', 'இலகு' ஆகியவை பொருளால் பொருந்தினும் நடையால் தாழ்ந்தவை எனச் சிலர் தயங்குவர். மலையாளத்தில் 'ஞெருக்கம்-எளுப்பம்' என்ற இணை இவ்விடத்தில் வழங்குவது ஒப்பிடத்தக்கது. நெருக்குதலையும் தளர்தலையும் காட்டும் அவ்விணை மூலத்திற்கு அணித்தாக உள்ளது. தமிழிலும் 'நெருக்கடி' என்ற சொல் இருக்க, அதனைப் பயன்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு:

அ. இசுலாமியத் தமிழ், துன்பத்தைப் பேசும்போது 'வினை' முதலிய சொற்களுக்கு மாற்றாகச் 'சோதனை', 'பொறுமை' ஆகியவற்றை முதன்மைப்படுத்தியது. இதனால் மறுபிறப்புக் கொள்கை உட்புகாது காக்கப்பட்டது.

ஆ. கடன்சொற்களில் பொருள் சுருங்கியது. பலாய் என்பதில் வளமும் சோதனையே என்ற கருத்து மறைந்தது. பெயர்ப்புச் சொல்லாகிய 'சோதனை' அக்கருத்தை மீட்க இடந்தருகிறது.

இ. ஒரே வடசொல் தமிழிலும் மலையாளத்திலும் வேறு பொருள் தருவதால், கிழக்கேகோட்டை போன்ற இருமொழி வட்டாரங்களில் சமயப்பனுவல் பெயர்ப்பிலும் மருத்துவமனை உரையாடலிலும் தனிக்கவனம் வேண்டும். சோதனை, க்ஷமை, விஷமம், சங்கடம் ஆகிய நான்கும் இருமொழி அகராதிகளில் சமயப்பொருளோடும் வழக்குப்பொருளோடும் விளக்கப்பெற வேண்டியவை.

ஈ. 'பொறுமை' என்ற சொல் முறையீட்டையும் முயற்சியையும் விலக்குவதாகத் தோன்றும் இடங்களில் 'நிலைகுலையாமை', 'மன உறுதி' ஆகியவற்றுள் ஒன்று மூலப்பொருளுக்குப் பொருந்தும்.

நோயுற்ற மகவோடு பீமாப்பள்ளிக்குச் செல்லும் தாயிடம் 'இது சோதனை' என்பதும் 'இது வினை' என்பதும் ஒரே ஆறுதல் அல்ல. முன்னது அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. பின்னது அவளே அறியாத குற்றத்தை அவள்மீது ஏற்றுகிறது. பல நூற்றாண்டுகளாக இசுலாமியத் தமிழ்ப் புலவரும் உரையாளரும் முன்னதைத் தேர்ந்தமை தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்க ஒன்றாகும்.